பூவன் என்னும் ஒரு கனியும் அதன் பல பெயர்களும்

(கரியாலூரில் திருக்குடமுழுக்கு விழாவின்போது நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயில் வாயிலின் இருமருங்கும் குலையுடன் கூடிய வாழை நாட்டப்பெற்றிருக்கிறது. யாகசாலையின் வாயில்தோறும் வாழை நிற்கிறது. கலசங்களுக்கு முன்னே விரித்திருப்பது வாழையிலை. அதன்மேல் அடுக்கியிருப்பது வாழைப்பழம். மாலை தொடுத்திருக்கும் நாரும் வாழையின் நாரே. பொன்னும் பட்டும் இல்லாத ஊராரும் குடமுழுக்கை ஒருவாறு நிறைவேற்றிவிடலாம். வாழை இல்லாமல் நிறைவேற்றுவது அரிது. இத்துணை நெருங்கிய பொருளாக இருந்தும், இலையில் வைத்த சீப்பைச் சுட்டி, 'இஃது என்ன வாழை?' என்று வினவினால், பக்கத்துப் பக்கத்து ஊரினர்கூட வேறுவேறு விடை கூறுவர். இச்சிறு வினாவே இன்றைய பேச்சின் பொருள். சிறிதுதானே என்று தள்ளிவிடக்கூடிய வினா அன்று அது. தெய்வத்துக்கு அளிக்கும் கொடையோடும், அழிந்துபோகக்கூடிய செல்வம் ஒன்றோடும் தொடர்புடையது.

பெயர் மயக்கம் என்பது கரியாலூர் அன்பர்களுக்குப் புதிய செய்தியன்று. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களை 'மலையாளி' என்று வழங்குகின்றனர். அரசாங்கத்தின் பட்டியலிலும் அப்பெயரே உள்ளது. இவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சி மாநகரிலிருந்து மலையேறி வந்தவர் என்பது இவர்களிடையே வழிவழியாக வழங்கும் வரலாறு. ஆயினும், தொலைவிலிருந்து வருவோர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இவர்களைக் கேரள நாட்டார் என்று எண்ணிவிடுவர். ஒரு பெயர், அதற்குள் இருவேறு மக்கள். இனி, இதற்கு மறுதலையான நிலையும் இம்மலைக்கு உண்டு. கரியாலூர் இருக்கும் மண் 1993-ஆம் ஆண்டு வரையில் தென்னார்க்காடு மாவட்டம். பின்னர் விழுப்புரம் மாவட்டம். 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மலையின் பெயரே பழைய ஆங்கிலக் குறிப்புகளில் 'கல்ராயன்' என்று உருமாறிக் கிடக்கிறது. மண் ஒன்று, பெயர் பல. இவ்விரு மயக்கங்களும் ஒருங்கே குடிகொண்ட கனி ஒன்று உண்டு. அதுவே பூவன்.

தமிழ்நாட்டில் பூவன் வாழையை அறியாதார் இலர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ப் பகுதிகளின் ஆற்றுப் படுகைகளில் அது பெருந்தோட்டமாக விளைகிறது. பழம் நடுத்தர அளவினது; தோல் மெல்லியது; பழுத்தால் நல்ல பொன்மஞ்சள்; இனிப்போடு மெல்லிய புளிப்பும் கலந்திருக்கும். தாரில் காய்கள் நெருங்கி அமைந்து, நூற்றைம்பது முதல் முந்நூறு வரையிலும் இருக்கும். பழுத்தபின் சில நாள் தாங்கும். தோல் எளிதில் வெடிப்பதில்லை. வெகுதொலைவு வண்டியில் வந்து, மண்டியில் இறங்கி, கோயிற்கடையில் தொங்கி, அருச்சனைத் தட்டில் ஏறும் வரையில் உருக்குலையாத பழம் வேண்டுமென்றால், அது பூவனாக இருப்பதில் வியப்பில்லை. சோறு படைக்கும் இலைக்காகவும் அதனையே தமிழ்நாடெங்கும் பயிரிடுகின்றனர்.

இதே வாழை தென்கோடியை அடைந்ததும் வேறு பெயர் பூணுகிறது. கேரளத்தில் இது பாளையங்கோடன். பெயரிலேயே பாளையங்கோட்டையின் ஓசை கேட்கிறது. மலைக்கு அப்பாலிருந்து வந்த பழம், வந்த திசையின் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டது போலும்! ஆந்திரத்துக்குச் சென்றால் இதுவே கர்ப்பூர சக்கரகேளி. மராட்டிய நாட்டில் லால் வெல்ச்சி; 'வெல்ச்சி' என்பது அவர்கள் மொழியில் ஏலக்காய். வங்கத்திலும் ஒடிசாவிலும் சம்பா. கடல் கடந்து ஈழத்தை அடைந்தால் யாழ்ப்பாணத் தமிழர் இதனைக் கதலி என்பர். சிங்களவர் அம்புல் என்பர். 'அம்புல்' என்றால் புளிப்பு. பழத்தின் சுவையையே பெயராக்கிக்கொண்டார்கள்.

மலாய் நாட்டில் இதற்கு வழங்கும் பெயர்கள் இன்னும் சுவையானவை. அங்கே ஒரு பெயர் 'பீசாங் செய்லான்'. அதாவது இலங்கை வாழை. மற்றொரு பெயர் 'பீசாங் கெலிங்'. 'கெலிங்' என்பது கலிங்கம் என்ற நாட்டுப் பெயரின் திரிபு; பழங்காலத்தில் கடல் கடந்து சென்ற தென்னிந்தியரைப் பொதுவாகக் குறிக்க மலாய் மக்கள் வழங்கிய சொல். நாளடைவில் அது வசைச்சொல்லாகத் தாழ்ந்துவிட்டமையால், இன்று அந்நாட்டுத் தமிழர் அதனைக் கேட்க விரும்புவதில்லை, அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் வாழையின் பெயருக்குள் அச்சொல் ஒரு சான்றாகத் தங்கியிருக்கிறது. இக்கனியைத் தென்னாட்டவரோடு சேர்த்தே அந்நாட்டார் அறிந்தார்கள் என்பதற்கு வேறு சாசனம் வேண்டுவதில்லை. மக்கள் கப்பலேறியபோது சட்டிபானை, தெய்வ வழிபாடு ஆகியவற்றோடு வாழைக்கன்றும் உடன் ஏறுவது இயல்புதானே!

உலக ஆராய்ச்சியாளர் ஏடுகளிலோ இவ்வாழையின் பெயர் 'மைசூர்'. மேற்கிந்தியத் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்பெயரே வழங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைசூர் நாட்டார் தம் பெருமையாகக் கொண்டாடும் வாழை இதுவன்று. அவர்கள் போற்றுவது நஞ்சன்கூட்டு ரசபாளெ; நஞ்சுண்டேசுவரர் திருக்கோயில் கொண்ட அவ்வூரின் பெயரால் வழங்கும் அக்கனி, தமிழ்நாட்டு ரஸ்தாளியின் இனம். ஆக, மைசூரின் பெயர் பூவனுக்குப் போய்விட்டது. மைசூராரின் பெருமையோ ரஸ்தாளியிடம் தங்கிவிட்டது.

இதுவரை சொன்னது, ஒரு கனிக்குப் பல பெயர் என்னும் மயக்கம். இதனால் பெருங்கேடு ஒன்றும் விளைந்துவிடாது. ஒரே பெயர் பல கனிகளுக்கு வழங்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கோயம்புத்தூர் அன்பர் ஒருவர் திருச்சூர்க் கடையில் நின்று, 'பூவன் நூறு சீப்பு வேண்டும்' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது ரஸ்தாளியாக இருக்கும். ஏனெனில், கேரளத்தில் 'பூவன்' என்பது தமிழ்நாட்டு ரஸ்தாளிக்குப் பெயர். அதே அன்பர் ராஜமகேந்திரத்தில் கர்ப்பூரப் பழம் கேட்டால் அவர் ஊர்ப் பூவன் வந்து சேரும். ஆனால் தமிழ்நாட்டில் 'கர்ப்பூரவல்லி' என்பது முற்றிலும் வேறான தடித்த வாழை. சக்கரகேளி என்று மட்டும் கேட்டாலும் வேறொரு பழம் கிடைக்கும். நெய்ப்பூவன் என்று தமிழிலும் ஞாலிப்பூவன் என்று மலையாளத்திலும் வழங்கும் சிறுபழத்தின் பெயரில் 'பூவன்' இருக்கிறது, பழத்தில் இல்லை. அது கன்னடத்தாரின் ஏலக்கி. மராட்டியத்தில் அதற்கும் 'வெல்ச்சி' என்றே பெயர். வெள்ளை வெல்ச்சி என்று பிரித்துச் சொல்வர். கதலி என்ற சொல்லின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. வடமொழியில் அது வாழைக்குப் பொதுப்பெயர். தமிழ்ப் புலவரும் அப்படியே எடுத்தாண்டனர். குருவாயூரப்பனுக்குப் படைக்கும் கதலியோ தனியொரு சிறுவாழை. யாழ்ப்பாணத்துக் கதலி, மேலே சொன்னபடி, பூவன். குமரி மாவட்டத்தார் ரசகதலி என்பது நெய்ப்பூவனை. நான்கு இடம், நான்கு பொருள்.

ரஸ்தாளியும் பெயர்ச் செல்வத்தில் பூவனுக்குச் சளைத்ததன்று. கேரளத்துப் பூவன், கன்னட நாட்டு ரசபாளெ, ஆந்திரத்து அம்ருதபாணி, பீகாரிலும் அசாமிலும் மால்போக், வங்கத்தில் மர்த்தமான் என அதன் பெயர்கள் விரியும். மர்த்தமான் என்பது பர்மாவின் மர்த்தபான் துறைமுகப் பெயரின் மரூஉ என்பர். மேற்கிந்தியத் தீவினர் அதன் மென்மை நோக்கிப் 'பட்டு' என்று பெயரிட்டனர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் தாவரங்களுக்கெல்லாம் இலத்தீன் மொழியில் பெயர் சூட்டியபோது, வாழைக்கு 1753-இலும் 1759-இலுமாக இரண்டு பெயர் வைத்தார். ஒன்று 'சொர்க்கத்து வாழை' என்னும் பொருளது. மற்றொன்று 'ஞானியரின் வாழை' என்னும் பொருளது. இந்திய முனிவர் இக்கனியை உண்டு வாழ்ந்தனர் என்று பண்டைக் கிரேக்க, உரோம நூல்களில் இருந்த செய்தி இரண்டாவது பெயருக்கு வித்தாயிற்று. 1940-களில் டிரினிடாட் தீவில் இருந்த சீஸ்மன் என்னும் தாவர நூலார் இவற்றை நுணுகி ஆராய்ந்து, முதற்பெயர் நேந்திரன் இனத்துக்கும், 'ஞானியரின் வாழை' என்பது ரஸ்தாளி இனத்துக்கும் உரியன என்று காட்டினார். உலகத்து வாழைக்கெல்லாம் பொதுப்பெயர் என்று நெடுங்காலம் நூல்களில் அச்சிட்டுவந்த இரண்டும், உண்மையில் தென்னாட்டார் நன்கறிந்த இரண்டு வாழையினங்களுக்கு இட்ட பெயர்களாக முடிந்தன.

பெயர் இத்துணைக் குழப்பமானால், இரண்டு ஊர் வாழை ஒன்றே என்று துணிவது எவ்வாறு? இதற்கும் வழி கண்டனர். காட்டில் விதையுடன் விளையும் இரண்டு வாழையினங்கள் கலந்து பிறந்தவையே இன்று உண்ணும் வாழைகளிற் பெரும்பாலன. தண்டின் நிறம், காம்பின் வாய்க்கால், பூமடலின் வடிவு முதலிய பதினைந்து அடையாளங்களை மதிப்பிட்டு, எந்த முன்னோரின் பங்கு எவ்வளவு என்று கணிக்கும் முறையைச் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்னும் இருவர் 1955-ஆம் ஆண்டு வகுத்தனர். பூவன் மும்மடிக் கலப்பு. இரண்டு பங்கு ஓரினம், ஒரு பங்கு மற்றோரினம். இது நூலார் முறை. தோட்டக்காரருக்கு இதனினும் எளிய குறி ஒன்று உண்டு. பூவன் வாழையின் இலையைத் திருப்பி நடுநரம்பின் அடிப்புறத்தைப் பார்த்தால் ரோஜாப்பூ நிறம் படர்ந்திருக்கும். காயின் நுனி சற்று நீண்டு கூராக நிற்கும். பாளையங்கோடன் என்று அழைத்தாலும், சம்பா என்று அழைத்தாலும், அந்த ரோஜா நிறம் மறைவதில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. மாவும் பலாவும் கொட்டையிட்டு முளைப்பன. தாயைப் போலவே பிள்ளை இருக்கும் என்று உறுதி கூற இயலாது. பூவனுக்கு விதையில்லை. பழத்தை நறுக்கினால் தெரியும் கரும்புள்ளிகள் விதையாகாது ஒழிந்த சூல்கள். தாய்க் கிழங்கின் பக்கத்தில் எழும் கன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நடுகிறார்கள். அக்கன்று தாயின் உடம்பில் ஒரு கூறேயன்றிப் புதிய பிறவி அன்று. காவிரிக் கரையில் நிற்பதும், யாழ்ப்பாணத்தில் நிற்பதும், டிரினிடாட் தீவில் நிற்பதும் ஒரே வாழை என்று சொன்னால் அது உபசார மொழி அன்று. எழுத்துக்கு எழுத்து உண்மை. 'வாழையடி வாழை' என்று மணமக்களை வாழ்த்தும் பெரியோர் சொல்லுக்குள் இவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது. தேங்காயும் வாழையும் உண்டு உமிழ்ந்த கொட்டையிலிருந்து முளைப்பன அல்ல; ஆகலின் எச்சில் தீண்டாத அவையிரண்டும் இறைவனுக்கு உரியன என்று ஆன்றோர் காரணம் கூறுவர். தோட்ட நூலார் கண்ட உண்மையும் கோயில் வழக்கும் இவ்விடத்தில் கைகோத்து நிற்கின்றன.

ஒரே உடம்பு என்பதால் பெருமையோடு நோயும் ஒருங்கே வந்துசேரும். பூவன் இலைகளில் மஞ்சள் கீற்றுகள் தோன்றச்செய்யும் நச்சுயிர் ஒன்று உண்டு. கன்றோடு கன்றாகப் பயணம் செய்து, இவ்வாழை சென்ற நாடுகளிலெல்லாம் பெரும்பாலும் அதுவும் சென்றிருக்கிறது. கிடைத்த சொத்தோடு கடனும் சேர்ந்து வந்த கணக்கு இது. ஆனால் மண்ணிலிருந்து வேரைப் பற்றும் வாடல் நோயைப் பூவன் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது. ரஸ்தாளிக்கு அந்த ஆற்றல் இல்லை. ஒரு கன்று வீழ்ந்தால் பக்கத்துக் கன்றும் அதே உடம்பாதலின் அதுவும் வீழ்கிறது. நஞ்சன்கூட்டு ரசபாளெ புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. எனினும் வாடல் நோயால் அதன் தோட்டங்கள் சுருங்கிச் சுருங்கி, பெயர் பெரிதாகவும் பழம் அரிதாகவும் ஆகிவிட்டது. பெயர் மட்டும் எஞ்சிப் பொருள் மறையும் நிலைக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், பழனிக்குச் செல்லவேண்டும்.

பழனியாண்டவரின் பஞ்சாமிர்தத்துக்கு உயிராவது விருப்பாச்சி மலைவாழை. சிறுமலை வாழையும் அதன் உடன்பிறப்பு. நீர்ப்பசை குறைந்த பழம். நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலம், பேரீச்சை, கற்கண்டு ஆகியவற்றோடு சேர்த்துப் பிசைந்தால், ஒரு துளி நீர் சேர்க்காமலே பல நாள் கெடாது நிற்கும். இவ்வினம் பிரேசில் நாட்டுக்குச் சென்று 'பிராத்தா' என்ற பெயரால் அந்நாட்டாரின் பெருவிருப்பமான பழமாயிற்று; 'பிராத்தா' என்றால் வெள்ளி. அங்கே அது வெள்ளியாக விளைய, இங்கே பழனி மலைச்சரிவுகளில் அதற்கு ஒரு கேடு வந்தது. முடிக்கொத்து நோய் என்பது அதன் பெயர். நோயுற்ற வாழையில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நெருங்கி, தார் ஈனாமலே போய்விடும். இலையுறிஞ்சும் அசுவினிப் பூச்சியே அதனைப் பரப்புகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் மாகீ என்பவர் 1927-இல் கண்டறிந்தார். 1940-களில் கேரளத்தில் கால்வைத்த அந்நோய், 1970-களில் கீழ்ப்பழனி மலைகளில் பெருகியது. ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் பரப்பில் நின்ற மலைவாழை, 2,000 ஹெக்டேர் அளவுக்கு ஒடுங்கியது என்று கணக்கிட்டனர். காப்பித் தோட்டங்களின் ஊடே மூன்று தலைமுறை நின்ற வாழை, ஒரு தலைமுறைக்குள் மறைந்துகொண்டிருந்தது.

பஞ்சாமிர்தம் நின்றுவிடவில்லை, நிற்கவும் கூடாது. ஆனால் கனி மாறினால் சுவை மாறும். நாள் தாங்கும் தன்மை மாறும். பெயர் மட்டும் மாறாது. அடியார் அறியாமலே வேறொன்றை உண்பர். நல்லவேளையாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலாக நோயற்ற திசுவளர்ப்புக் கன்றுகளை எழுப்பி மலைத் தோட்டக்காரருக்கு வழங்கினர். விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டு வாழைகளும் புவிசார் குறியீடு பெற்றன. பஞ்சாமிர்தமே 2019-ஆம் ஆண்டு அக்குறியீட்டைப் பெற்றது. எந்த வாழை என்று ஊர்ப் பெயரோடு எழுதிவைத்திருந்தமையால்தான், எதனை மீட்கவேண்டும் என்பது தெரிந்தது. பெயரற்ற வாழை மறைந்திருந்தால், மறைந்தது என்பதை அறிவாரும் இரார்.

வாழை என்னும் பெயரைத் தன் திருப்பெயராகவே கொண்ட தலம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே அமைந்த திருப்பைஞ்ஞீலி அது. 'ஞீலி' என்பது வாழையில் ஒரு வகை; பசுமையான ஞீலி வாழை நின்ற இடம் பைஞ்ஞீலி ஆயிற்று. மூவர் தேவாரமும் பெற்ற பழம்பதி. அங்கே தலமரம் அந்த ஞீலி வாழையே. அதன் கனியை மக்கள் உண்பதில்லை. இறைவனுக்குப் படைத்து நீரில் விட்டுவிடுவர். உண்ணவும் விற்கவும் ஆகாத ஒரு வாழையைத் தோட்டக்காரர் எவரும் வைத்துக் காக்கமாட்டார். கோயில் காத்தது, அதனால் பெயரும் நின்றது, பொருளும் நின்றது. ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே, அறிந்தோ அறியாமலோ, திருக்கோயில் ஒன்று வாழைக் காப்பகமாக விளங்கிற்று. அதே திருச்சிராப்பள்ளியில் 1993-ஆம் ஆண்டு மத்திய அரசின் வாழை ஆராய்ச்சி மையம் அமைந்தது பொருத்தமான நிகழ்ச்சியே. முந்நூறுக்கும் மேற்பட்ட வாழைகளை அங்கே வரிசையாக நட்டுக் காக்கின்றனர். நாட்டின் பல மூலைகளிலிருந்து பல பெயரோடு வந்த கன்றுகளை அருகருகே நட்டுப் பார்க்கும்போதுதான், 'இதுவும் அதுவும் ஒன்று', 'ஒரே பெயரில் வந்த இவை இரண்டும் வேறு' என்பன விளங்குகின்றன.

இனி, கொடையாளர்கள் நோக்கற்குரிய ஒரு செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று வாழைப்பழக் கட்டளையைக் குறிக்கிறது. அங்கே எழுந்தருளியிருந்த பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் நூற்றைம்பது வாழைப்பழம் அமுது செய்விக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு 360 காசு முதல் வைத்து, தஞ்சை நகர வணிகரிடம் ஒப்படைத்தனர். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. கணக்கைப் பார்த்தால் உள்ளம் குளிரும். நாளொன்றுக்கு 150 பழமெனில், 360 நாளுக்கு 54,000 பழம். காசுக்கு 1,200 பழம் என்பது அக்கால விலை. ஆகவே ஆண்டுக்கு 45 காசு வேண்டும். 360 காசின் பொலிசையும் துல்லியமாக 45 காசு! ஒரு பழம் கூடாமல், ஒரு பழம் குறையாமல், சூரிய சந்திரர் உள்ளவரை நடக்கும்படி கல்லில் வெட்டி வைத்தார்கள். விலை, நாள், வட்டி, பொறுப்பாளர் யாவும் அதில் உண்டு. எந்த வாழை என்பது மட்டும் இல்லை. அன்று அது வேண்டாத செய்தியாக இருந்திருக்கும். தஞ்சைக் கடைத்தெருவில் நின்ற அனைவரும் அறிந்திருப்பர். இன்று கல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கணபதியார் உண்ட கனி எதுவென்று சொல்லுவார் எவரும் இலர்.

திருக்கோயில்களில் வாழைப்பழ நிவேதனத்துக்குக் கட்டளை வைக்கும் அன்பர்கள் இன்றும் பலர். அவர்கள் எழுதும் பத்திரத்தில் தொகை இருக்கும், திதி இருக்கும், முன்னோர் பெயர் இருக்கும். 'வாழைப்பழம் இரண்டு சீப்பு' என்று முடித்துவிடுவர். எது கிடைக்கிறதோ அது வரும். இன்று எங்கும் எளிதிற் கிடைப்பது நீண்ட பச்சைப்பழ இனம். அதன் குட்டை வகை ஒன்றைத் தமிழ்நாட்டார் 'மோரிஸ்' என்பர்; மொரீசியசுத் தீவின் பெயர் அப்படித் தேய்ந்தது. அதே தீவிலிருந்து சென்ற கன்று இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கண்ணாடி மனையில் 1835-இல் பூத்ததால், உலகம் அப்பிரபுவின் குடும்பப் பெயரால் அதனைக் காவண்டிஷ் என்கிறது. அதுவும் நல்ல பழமே. இறைவன் எதனையும் மறுப்பதில்லை. ஆனால் ஓர் ஊரின் பழைய வாழையை ஒரு கட்டளை பெயர் சொல்லிக் கேட்டால், அதனை நடுவதற்கு ஒரு தோட்டக்காரர் இருப்பார். கேட்பார் இல்லையெனில் அவர் நடமாட்டார். அவர்மேல் குறை கூறுவதற்கில்லை. அவரும் விற்றுப் பிழைக்கவேண்டியவர்.

கரியாலூரைப் பொறுத்தவரையில் எண்ணவேண்டியது இது. பூவன் கீழ்நாட்டுப் படுகைகளுக்கு உரிய வாழை. விருப்பாச்சி, சிறுமலை, நமரை என்னும் இவையே மலைச்சரிவுக்கு ஏற்றவை என்று வேளாண்மை நூலார் வகுத்திருக்கின்றனர். ஆகவே மண்டலாபிஷேகத்துக்கு உரிய நாற்பத்தெட்டு நாளும் வேண்டும் பூவன் கீழிருந்து மலையேறி வரலாம், அதில் தவறில்லை. அவ்வாறு அனுப்பும் கள்ளக்குறிச்சி அன்பர்கள், தார் எந்த ஊர்த் தோட்டத்தது என்பதையும், தாம் அதனை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புவது நலம். மலைமேலுள்ள பெரியோரோ, தத்தம் ஊர்க் கொல்லைகளில் நிற்கும் வாழைகளை என்னென்ன பெயரால் தாத்தாவும் பாட்டியும் அழைத்தார்கள் என்று நினைவு கூர்ந்து சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் கோயிற் புத்தகத்தில் அவற்றைக் குறிக்க வேண்டும். பெயர், ஊர், இலைநரம்பின் நிறம், பழத்தின் புளிப்பு, கன்று எங்கிருந்து வந்தது என ஐந்து செய்திகள் போதும். திருக்கோயிலுக்கு ஒதுக்கிய நிலத்தில் நீர் நிற்காத ஒரு மூலை பார்த்து, அவற்றில் ஒவ்வொரு கன்று நடலாம். முடிக்கொத்து நோய் தோன்றாத குத்திலிருந்து எடுத்த கன்றாக இருத்தல் வேண்டும். கிழங்கைச் சீவி, அழுகிய வேரை நீக்கி நடுவதைத் தோட்ட வேலை அறிந்தார் சொல்லிக்கொடுப்பர். படுகையில் பன்னிரண்டு, பதினான்கு மாதத்தில் தார் வெட்டிவிடுவர். மலைக்குளிரில் சற்றுத் தாமதமாகும். முதல் வருஷாபிஷேகத்துக்கு அத்தோட்டத்திலிருந்து இலை கிடைக்கும். பழத்துக்கு அடுத்த ஆண்டு வரையில் பொறுத்திருக்க வேண்டும்.